பத்தில் வைத்த புள்ளி

கடையநல்லூருக்கு மேற்கே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது. அதற்குள்தான் செண்பகவல்லி மாஸ்டர் ஏர் ரைஃபிள் பழக்கிக்கொடுக்கிறார். மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியைத் தேடாதீர்கள். அவருக்கு வயது முப்பத்துநாலு. பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பழக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய அப்பா வயது. ஆனாலும் குவாரிக்குள் இறங்கிவிட்டால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர், அவருக்கு எல்லாரும் அண்ணாச்சி.

அங்கே குறி காகிதத்தில் இல்லை. இரும்புத் தகட்டில் வெட்டிய காக்காய், எலி, அணில் என்று ஆங்காங்கே நிற்கும். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு சின்ன ஓட்டை. குண்டு ஓட்டைக்குள் போனால் காக்காய் மல்லாந்து விழும். ஓரத்தில் பட்டால் சத்தம் மட்டும்தான். காக்காய் அப்படியே நின்று நம்மைப் பார்க்கும்.

ஒரு காக்காய் பத்து மீட்டரில் இருக்கும், இன்னொன்று ஐம்பது மீட்டரில் இருக்கும். ஏர் ரைஃபிள் குண்டுக்கு அவ்வளவு தூரம் நேராகப் போகச் சீவன் கிடையாது. போகப் போகத் தாழும். எவ்வளவு தாழும் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஏற்றிப் பிடித்துச் சுட வேண்டும். அதற்காகவே துப்பாக்கியின் மேல் மாட்டியிருக்கும் ஸ்கோப் கண்ணாடிக்குள் குறுக்குக்கோட்டின் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன அடையாளங்கள் போட்டிருப்பார்கள். ஐம்பது மீட்டர் என்றால் எட்டாவது அடையாளம், முப்பது என்றால் மூன்றாவது. இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு இருக்கும்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மலைப்பக்கமிருந்து சாரல் காற்று வந்துகொண்டிருந்தது. மாசிலாமணி கையில் ஒரு நோட்டோடு இறங்கி வந்தார்.

மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. பேட்டைத் தெருவில் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் டேப் தொங்கும். சட்டையில் ஒரு சொட்டுக் கறை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனுஷன், நல்ல கை. நாக்கைத்தான் அவ்வப்போது அவிழ்த்து விட்டுவிடுவார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"எஃப்.எஃப்.பி. ஸ்கோப் ஒண்ணு வாங்கணும். எத வாங்கலாம்?"

நோட்டை விரித்துக் காட்டினார். ஒன்பது பெயர்கள் இருந்தன. மூன்று மாதமாகக் கடையில் பட்டன் தைக்கும்போதெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்துச் சேர்த்தது.

"எஃப்.எஃப்.பி.ன்னா என்ன?" என்றார் மாஸ்டர்.

"ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன். கோடு முன்னால இருக்கும். நாம பெருசாக்கப் பெருசாக்க, கோடும் சேந்து பெருசாகும்." வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல் சொன்னார்.

"நல்லாச் சொல்லுதிய. அதனால என்ன லாபம்?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "அதுதான் மாஸ்டர் இன்னும் பிடிபடல."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தால் விசில் கயிற்றை விரலில் சுற்றுவார். இப்போது சுற்றினார்.

"இருக்கதுக்கு என்ன வந்துச்சு?"

"அது ஏமாத்திட்டு மாஸ்டர். அன்னைக்குக் கொடைக்கானல்ல பாத்தியள்ல."

மாஸ்டர் பார்த்தார். குவாரியில் பழகுகிறவர்கள் எல்லாருமே பார்த்தார்கள். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் கொடைக்கானலில் போட்டி. நான்கு பேர் கொண்ட அணி. மாசிலாமணி அதில் நான்காவது ஆள். பாதிப் போட்டிவரை எல்லாரையும் விட அவர்தான் நன்றாகச் சுட்டார். ஐம்பது மீட்டர் தூரத்தில் கடைசி ஆறு குறி பாக்கி இருந்தது. அந்த ஆறில் மூன்று விழுந்தால் போதும், அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். ஆறும் விழவில்லை. ஒவ்வொரு குண்டும் ஓட்டைக்குக் கீழே தகட்டில் பட்டு 'டங்' என்றது.

ஆறாவது சத்தம் அடங்கியதும் மாசிலாமணி எழுந்தார். துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றினார். மேஜையில் பொத்தென்று போட்டார். எல்லாரும் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

"குருடன் குடுத்த கண்ணாடி. இது வேற எப்படி இருக்கும்?"

அந்த ஸ்கோப்பைக் கொடுத்தவர் மைதீன் பிச்சை. மாசிலாமணியின் முப்பது வருஷத்துச் சேக்காளி. அன்றைக்கு அவர் பின்னால்தான் நின்றார், மாசிலாமணியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு.

மைதீன் சார்ஜாவில் கிரேன் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பும்போது தனக்கென்று அவர் ஆசையாக வாங்கி வந்த ஒரே பொருள் அந்த ஸ்கோப். ஆறு வருஷம் அதில் சுட்டார். பிறகு சர்க்கரை வலது கண்ணைத் தின்றுவிட்டது. இனிமேல் பார்வை வராது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே தன் துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி மாசிலாமணியிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நான் பாக்க வேண்டியதையும் சேத்து நீ பாருல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அப்படிப்பட்ட மனிதர் காதில் அந்தச் சொல் விழுந்தது. கூட நின்ற சிலர் சிரித்தார்கள். மைதீனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பாட்டிலை மேஜையில் வைத்தார். அதன்பின் குவாரிப் பக்கம் அவர் வரவில்லை. மாசிலாமணியும் பள்ளிவாசல் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றுவழியில் கடைக்குப் போனார். பதினோரு மாதமாகச் சுற்றுகிறார்.

இப்போது அணிக்கு மறுபடியும் ஆள் எடுக்கப் போகிறார்கள். இன்னும் மூன்று வாரம். அதற்காகத்தான் புது ஸ்கோப் என்று மாசிலாமணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கையை நீட்டினார். "டேப்பத் தாங்க அண்ணாச்சி. சாக்கும் இருக்கா?"

மாசிலாமணி கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். சட்டைப் பையில் மெழுகுச் சாக்கு எப்போதும் இருக்கும். துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் துண்டு. இரண்டையும் கொடுத்தார்.

மாஸ்டர் ஒரு இரும்புக் காக்காயின் பக்கத்தில் டேப்பைத் தொங்கவிட்டு, மேலே ஒரு கல்லை வைத்தார். "ஃபோன்ல ஒரு படம் எடுங்க."

எடுத்தார். படத்தில் காக்காயும் இருந்தது, பக்கத்தில் டேப்பும் இருந்தது.

"காக்கா எத்தனை இஞ்சு?"

"எட்டு."

மாஸ்டர் ஃபோன் கண்ணாடியின் மேலேயே சாக்கால் இரண்டு கோடு போட்டார். ஒன்று காக்காயின் தலைக்கு நேராக, இன்னொன்று காலுக்கு நேராக. மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் சாக்கு! துடைக்கக் கை போனது.

"துடைக்காதிய. இந்த ரெண்டு சாக்குக்கு நடுவுல எத்தனை இஞ்சு?"

"எட்டு."

"இப்பப் படத்தப் பெருசாக்குங்க."

மாசிலாமணி இரண்டு விரலை வைத்து விரித்தார். காக்காய் பெரிதானது. தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் திரைக்கு வெளியே போயின. டேப்பும் கூடவே பெரிதானது. அதில் இஞ்சுக்கு இஞ்சு இடைவெளி விரிந்து நின்றது.

"டேப்புல காக்கா இப்ப எத்தனை இஞ்சு?"

"அதே எட்டுத்தான் மாஸ்டர். டேப்பும் சேந்துல்லா வளருது."

"சாக்குக்கு நடுவுல?"

மாசிலாமணி டேப்பைப் பார்த்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"அஞ்சு."

"முதல்ல எட்டுன்னிய."

"முதல்ல எட்டுத்தான்."

"சாக்கு நகந்துச்சா?"

"இல்ல."

"அப்ப யாரு பொய் சொன்னது அண்ணாச்சி? டேப்பா, சாக்கா?"

மாசிலாமணி ஃபோனைப் பார்த்தார். படத்தைச் சின்னதாக்கினார். சாக்கு காக்காயின் தலைக்கும் காலுக்கும் வந்து சரியாக உட்கார்ந்தது. எட்டு. பெரிதாக்கினார். ஐந்து. சின்னதாக்கினார். எட்டு. வெகுநேரம் இதையே செய்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"ரெண்டும் பொய் சொல்லல மாஸ்டர். பெருசாக்கினது நானு."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். கொடைக்கானலில் அந்தக் கடைசி ஆறு குறிக்கு முன்னால் என்ன நடந்தது என்பது இப்போதுதான் அவருக்கு முழுதாக ஞாபகம் வந்தது. பக்கத்து ஆள் ஸ்கோப்பைப் பெரிதாக வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தான். நாமும் பெரிதாக்கினால் ஓட்டை நன்றாகத் தெரியுமே என்று, அவரும் பவர் வளையத்தைப் பத்து மடங்கிலிருந்து பதினாறு மடங்குக்குத் திருப்பினார். நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பழைய ஸ்கோப்பில் கோடு கூடவே வளராது, சாக்கைப் போல அப்படியே நிற்கும். சீட்டில் எட்டாவது அடையாளம் என்று எழுதியிருந்தது. எட்டாவதைப் பிடித்துச் சுட்டார். சீட்டு, பத்தில் வைத்துச் சுட்டு எழுதிய சீட்டு. பதினாறில் அந்த எட்டு, எட்டே இல்லை, ஐந்துதான். அதனால் குண்டு ஆறு தடவையும் கீழே போனது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாசிலாமணி அதோடு நிற்காமல், கூடம் கட்டிக்கொடுத்தவனையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார்.

"அப்ப மாஸ்டர்," நோட்டை மூடினார். "எனக்குப் புது ஸ்கோப் வேண்டாம்."

"வேண்டாம்னு நான் சொன்னேனா?"

"பழசு நல்லாத்தான இருக்கு?"

"பத்துல நல்லாருக்கு. உங்க கை திருப்பாம இருக்குமா?"

மாசிலாமணி நேர்மையாக யோசித்தார். "இருக்காது மாஸ்டர்."

"திருப்புத கைக்கு, கூடவே வளருத கோடு நல்லதுதான். இந்தாங்க, இதுல பாருங்க." தன் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். அது எஃப்.எஃப்.பி.

மாசிலாமணி படுத்துக்கொண்டு பார்த்தார். வளையத்தைக் குறைத்தார். கோடு ஒட்டடை நூலைப் போல மெலிந்து, பாறை நிழலில் காணாமலே போனது. கூட்டினார். கோடு தடித்து, ஓட்டையின் ஓரத்தை மறைத்தது.

"சின்னதுல கோடு தெரியல மாஸ்டர்."

"ஆமா."

"பெருசுல கோடு ஓட்டைய மறைக்குது."

"ஆமா."

"குறையே இல்லாத ஸ்கோப் கிடையாதா?"

"குறை தெரிஞ்ச ஸ்கோப் உண்டு அண்ணாச்சி."

மாசிலாமணி எழுந்து, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். நோட்டை மறுபடியும் விரித்தார். விடாக்கண்டர். "அப்ப இந்த ஒன்பதுல எது?"

மாஸ்டர் நோட்டை வாங்கி மூடினார். அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பழசத் தேடி எடுத்தது யாரு?"

மாசிலாமணி தலை குனிந்தது. "மைதீன்."

"அவரக் கூட்டிட்டுப் போய் எடுங்க."

"அவன் வரமாட்டான் மாஸ்டர்."

"கேட்டியளா?"

"இல்ல."

"கேக்கவும் இல்ல. அவரு பதிலையும் நீங்களே சொல்லுதிய." விசிலை எடுத்து ஊதினார். பயிற்சி தொடங்கிவிட்டது.

அன்று சாயந்தரம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். பதினோரு மாதத்துக்குப் பிறகு மாசிலாமணி பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்தார். பழைய ஸ்கோப்பை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். தெரு அவருக்கு நீண்டுகொண்டே போனது.

மைதீன் மனைவி ராவியா கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணே. இந்தத் தெரு இன்னும் இங்கதான் இருக்கா?"

"யாரு ராவியா?" உள்ளேயிருந்து மைதீன் குரல்.

"தையக்கடை அண்ணன்."

"நான் ஒண்ணும் தைக்கக் குடுக்கலையே."

மாசிலாமணி உள்ளே போனார். மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கண்ணுக்குப் பக்கத்தில் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார். உட்காரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"மைதீன், அன்னைக்கு நான் சொன்னது..."

"என்னைக்கு?"

"கொடைக்கானல்ல."

"அங்க நீ எவ்வளவோ சொன்ன. எதச் சொல்லுத?"

தப்பிக்க வழியில்லை. மாசிலாமணி நின்றபடியே சொன்னார். "குருடன் குடுத்த கண்ணாடின்னு சொன்னேன்." அடுப்படியில் தம்ளர் சத்தம் நின்றது. "உனக்குக் கேட்டுட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"கண்ணுதானல போச்சு. காதுக்கு என்ன?"

"தப்பு கண்ணாடியில இல்ல மைதீன். உன்கிட்டயும் இல்ல. நான் வளையத்தத் திருப்பிட்டேன். பத்துக்கு எழுதின சீட்டப் பதினாறுல வச்சுச் சுட்டேன். இன்னைக்குத்தான் மாஸ்டர் காட்டினாங்க. ஒரு வருஷமா உன் பொருளக் குத்தம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

மைதீன் கையை நீட்டினார். மாசிலாமணி துணியை அவிழ்த்து ஸ்கோப்பை அந்தக் கையில் வைத்தார். மைதீன் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் பவர் வளையத்தைத் தடவினார். ஒரு சுற்றுத் தடவினார். நின்று, இன்னொரு சுற்றுத் தடவினார்.

"எங்கல இதுல ஒரு புள்ளி?"

"என்ன புள்ளி?"

"சிவப்பா, கடுகு மாதிரி. பத்துக்கு நேர. மக பாத்திமாகிட்ட நகப்பாலிஷ் வாங்கி வச்சேன். அதத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் சுடுவேன். புள்ளி விலகிட்டா அளவு தப்பிரும்லா."

மாசிலாமணி குனிந்து வளையத்தைப் பார்த்தார். ஸ்கோப் கைக்கு வந்த அன்றைக்கு, கடையில் உட்கார்ந்து, தின்னரில் பஞ்சைத் தொட்டு அதைத் தேய்தேய் என்று தேய்த்தது ஞாபகம் வந்தது. லேசில் போகவில்லை. பிளேடு முனையால் சுரண்டிவிட்டு, மறுபடியும் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். மைதீன் பொருளைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

"நான்... அதக் கறைன்னு நினைச்சேன் மைதீன்."

மைதீன் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராவியா தேத்தண்ணியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டியா ராவியா? கறையாம்! தையக்காரன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளை, நடுவீட்டில் நின்று, கழுத்து டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்தார். ஒரு மனிதன் தன் கண்ணைப் போன்ற பொருளைக் கொடுத்து, அதைப் பார்க்கும் வழியையும் அதிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறான். வாங்கியவர் வழியைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பொருளைத் திட்டியிருக்கிறார். அப்படியும் அவன் சிரிக்கிறான். இவனைச் சேக்காளியாகக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை.

"நானும் வாய்விட்டுச் சொல்லிருக்கணும்ல," என்றார் மைதீன். "புள்ளியப் பாத்தாலே தெரியுமேன்னு விட்டுட்டேன். உக்காரு. தேத்தண்ணி ஆறுது."

மாசிலாமணி உட்கார்ந்தார். பாதித் தம்ளர் குடித்ததும் நோட்டை எடுத்து மெல்ல நீட்டினார்.

"எஃப்.எஃப்.பி. ஒண்ணு வாங்கச் சொல்லுதாங்க மாஸ்டர். உன்னையக் கூட்டிட்டுப் போயி வாங்கணுமாம்."

மைதீன் நோட்டைத் தொடவில்லை. "காலையில முதல் பஸ்ஸுக்கு வா," என்றார்.

திருநெல்வேலிக் கடையில் மைதீன் செய்த கூத்தைக் கடைக்காரர் இன்றைக்கும் சொல்லுவார். எல்லாரும் ஸ்கோப்பை வாங்கினால் வாசலுக்கு வந்து தூரத்துக் கோபுரத்தைப் பார்ப்பார்கள். மைதீன் கடைக்குள்ளேயே நின்றார். பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, "இதுல தேதி தெளியுதா?" என்று கேட்டார். நாலு ஸ்கோப்பில் தேதி கலங்கியது. "தூரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியும். நம்ம எலி பத்து மீட்டர்ல நிக்கும்" என்று நாலையும் ஒதுக்கினார்.

அடுத்து, ஸ்பிரிங் துப்பாக்கியின் உதையைத் தாங்குமா என்று கேட்டார். அது சுடும்போது பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்கூட அதில் கெட்டுவிடும். இரண்டு அதில் போயின. மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் இருட்டான மூலைக்குப் போனார். வளையத்தை அடிமட்டத்துக்குத் திருப்பி, இடது கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இந்த அரைக்கண்ணுக்கே கோடு தெரியுதுன்னா, உன் முழுக்கண்ணுக்குத் தெரியும். இத எடு."

அது மாசிலாமணி நோட்டில் எழுதியிருந்த ஒன்பதில் இல்லவே இல்லை.

ஊருக்கு வந்ததும், மைதீன் தன் வீட்டில் வைத்து, தன் கையாலேயே புது ஸ்கோப்பை மாசிலாமணியின் துப்பாக்கியில் மாட்டினார். தூக்குநூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அதோடு ஒட்டி நிற்கும்வரை திருகினார். அவர் அந்த வேலையில் இருக்கும்போது மாசிலாமணி சும்மா இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கோணிக்குள் கிடந்த மைதீனின் துப்பாக்கியை வெளியே இழுத்தார். தூசி தட்டினார். எண்ணெய் போட்டார். பழைய ஸ்கோப்பை அதில் மாட்டினார்.

"எதுக்குல இது?"

"இடது தோள் எதுக்கு இருக்கு? இடது கண்ணு எதுக்கு இருக்கு?"

மைதீன் துப்பாக்கியை வாங்கி, இடது தோளில் வைத்துப் பார்த்தார். புது மாப்பிள்ளை மாதிரி ஒரு வெட்கம் அவர் முகத்தில் வந்தது.

"ராவியா, நகப்பாலிஷ் இருக்கா?"

"பேத்தி விட்டுட்டுப் போன ரோஸ் கலர்தான் இருக்கு."

"கொண்டா."

தீக்குச்சி முனையால் தொட்டு, பழைய ஸ்கோப்பில் பத்துக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார். அதே கையோடு, பழக்கத்தில், பக்கத்தில் இருந்த புது ஸ்கோப்பிலும் பத்துக்கு நேராக ஒரு புள்ளி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அட, இதுல எங்க திருப்பினாலும் ஒண்ணுதான? இதுக்கு எதுக்குப் புள்ளி? காயறதுக்குள்ள துடைச்சிருதேன், கொண்டா."

கறையென்றால் சோறு இறங்காத மாசிலாமணி, துப்பாக்கியை இரண்டு கையாலும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"கைய வச்ச, தெரியும் சேதி" என்றார்.

மூன்றாவது ஞாயிறு ஆள் எடுத்தார்கள். மாசிலாமணி அணியில் நான்காவதாக வந்தார், ஒரே ஒரு காக்காய் வித்தியாசத்தில். ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. சுடத் தொடங்குவதற்கு முன்னால் நடந்த ஒன்று.

சுடுவதற்கு முன் ஒவ்வொருவர் துப்பாக்கியையும் மாஸ்டர் வாங்கிப் பார்ப்பது வழக்கம். மாசிலாமணி முறை வந்தது. பின்னால் குடையை விரித்து வைத்துக்கொண்டு மைதீன் உட்கார்ந்திருந்தார். மடியில் அவர் துப்பாக்கி. அவர் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறார், பத்துக்கு நான்கு விழுகிறது. விழும் ஒவ்வொன்றுக்கும் மாசிலாமணி கைதட்டி ஊரைக் கூட்டுகிறார்.

வரிசையில் அடுத்து நின்றவர் குணசீலன். வங்கியில் வேலை, எல்லாம் தெரிந்தவர். எட்டிப் பார்த்தார். கறுப்பு வளையத்தில் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி.

"என்ன அண்ணாச்சி, துப்பாக்கிக்குப் பொட்டு வச்சிருக்கிய?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது. எப்போதும் அவிழ்ந்து ஓடுகிற நாக்கு அன்றைக்கு அப்படியே நின்றது. திரும்பி மைதீனைப் பார்த்தார்.

குணசீலன் மாஸ்டரிடம் திரும்பினார். "இது எஃப்.எஃப்.பி.தான மாஸ்டர்? இதுல புள்ளிக்கு என்ன வேலை?"

மாஸ்டர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். வளையத்தை ஆறில் வைத்துக் காக்காயைப் பார்த்தார். பத்தில் வைத்துப் பார்த்தார். பதினாறில் வைத்துப் பார்த்தார். பிறகு மைதீன் மடியிலிருந்த துப்பாக்கியின் ரோஸ் புள்ளியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியை மாசிலாமணி கையில் கொடுத்தார்.

"எங்க திருப்பினாலும் சரியா இருக்கு அண்ணாச்சி."

"கோட்டக் கேக்கல மாஸ்டர்," என்றார் குணசீலன். "நான் அந்தப் புள்ளியக் கேட்டேன்."

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றார் மாஸ்டர்.